விண்டோஸ் 10-க்கு மூடுவிழா: புதுச்சேரியில் பழைய கம்ப்யூட்டரும் அதிலிருக்கும் ஃபைல்களும் என்ன ஆகும்?

புதுச்சேரி அண்ணா சாலையிலோ காமராஜர் சாலையிலோ ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனால், கொஞ்ச நாளாக ஒரே டயலாக்தான் காதில் விழுகிறது. “சார், இதுல லெவன் ஏறாது. புதுசு வாங்கிடுங்க.” கொண்டு வந்தவர் விழிப்பார். மெஷின் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு எதற்குப் புதுசு?

கேள்வி நியாயமானது. பதில்தான் ஒரு வரியில் முடியாது.

என்ன நடந்தது?

2015 ஜூலை 29-ல் வெளியான விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்திவிட்டது. அன்றோடு ஆஃபீஸ் 2016, ஆஃபீஸ் 2019 இரண்டுக்கும் ஆதரவு முடிந்தது. இது பலருக்கும் தெரியவில்லை.

ஆதரவு முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் மட்டும் வராது. இனிமேல் விண்டோஸ் 10-ல் யாராவது ஓட்டை கண்டுபிடித்தால் அது அடைபடாது. விண்டோஸ் 11-ல் அதே ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைக்கும்போது, எங்கே ஓட்டை இருந்தது என்று திருடர்களுக்கும் தெரிந்துவிடும். அதே ஓட்டை விண்டோஸ் 10-லும் இருந்தால், அது திறந்தேதான் கிடக்கும்.

“அப்போ லெவனுக்கு மாறிட வேண்டியதுதானே?” அங்கேதான் சிக்கல். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, வன்பொருளில் சில நிபந்தனைகளைப் போட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசஸர் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 8-ம் தலைமுறை சிப்கள் சந்தைக்கு வந்ததே 2017-ன் பிற்பகுதியில்தான். அதற்கு முன்னால் வாங்கிய மெஷினில் 16 ஜிபி ரேம் இருந்தாலும் முறைப்படி இடம் கிடையாது. உலகம் முழுக்க சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டிருந்தது.

நேரமும் சரியில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை எகிறியது. சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த ‘குரூஷியல்’ பிராண்டை மூடப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆக, பழையதைத் தூக்கிப்போடச் சொல்லும் நேரமும் புதியதன் விலை ஏறும் நேரமும் ஒன்றாக வந்திருக்கின்றன.

ஒரு வருஷ அவகாசம், யாருக்கு எப்படி?

வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருக்கிறது. 22ஹெச்2 பதிப்பில் இருக்கும் விண்டோஸ் 10 மெஷினை நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸ் உள்ளே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இதற்கான இணைப்பு இருக்கும். விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தால் இலவசம். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் பாயின்ட். அதுவும் வேண்டாமென்றால் 30 டாலர் அல்லது அதற்கு இணையான உள்ளூர்த் தொகை. ஒரே கணக்கில் 10 மெஷின்கள் வரை சேர்க்கலாம். எந்த வழியில் போனாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம்.

அலுவலக நெட்வொர்க்கில், அதாவது டொமைனில் இணைத்த கம்ப்யூட்டருக்கு இந்த வழி கிடையாது. நிறுவனங்களுக்கான கட்டணம் தனி. ஒரு மெஷினுக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்த வருஷம் அதன் இரட்டிப்பு, மூன்றாவது வருஷம் அதற்கும் இரட்டிப்பு. இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தாலும் முதல் வருஷத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

ஐரோப்பாவில் மட்டும் கதை வேறு. நுகர்வோர் அமைப்புகள் கொடுத்த அழுத்தத்தில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் செட்டிங்ஸ் பேக்கப் நிபந்தனை இல்லாமலேயே இலவச அப்டேட் தர மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இதில் பங்கு இருக்கிறதா என்றால், இல்லை. சலுகை குடியுரிமைக்கு இல்லை, வசிக்கும் இடத்துக்கு. பிரான்ஸில் இருக்கும் அண்ணன் வீட்டு லேப்டாப்புக்கு ஒரு விதி, முத்தியால்பேட்டையில் இருக்கும் தம்பி வீட்டு லேப்டாப்புக்கு இன்னொரு விதி.

பயம் எவ்வளவு நிஜம்?

2017 மே 12-ல் பரவிய வான்னாகிரை ரான்சம்வேர் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். ஆந்திரக் காவல் துறையின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. திருப்பதி தேவஸ்தான அலுவலகத்திலும் பாதிப்பு இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழசுகளால்தான் இது பரவியது என்று அப்போது பேசப்பட்டது. உண்மையில் அதிகம் அடிவாங்கியது விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். “அப்டேட் போட்டா ஸ்லோ ஆயிடும் சார்” என்று ஆஃப் செய்து வைத்திருக்கும் மெஷின்களுக்கு அக்டோபர் 14 ஒரு பொருட்டே இல்லை. அவற்றின் ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓபி சீட்டு கையால் எழுத வேண்டிய நிலை வந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கு பேக்கப் இருந்தது, மீட்டார்கள். நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆடிட்டர் ஆஃபீஸுக்கோ ஸ்கேன் சென்டருக்கோ அந்த வசதி இருக்கிறதா என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது.

அதேசமயம், நாளைக்கே வீடு பற்றி எரியும் என்ற பேச்சும் மிகைதான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கான தகவல் அப்டேட்கள் 2028 அக்டோபர் வரை வரும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வைத்திருப்பவர்களுக்கு வேர்ட், எக்ஸெல்லுக்கான பாதுகாப்பு அப்டேட்டும் அதே அக்டோபர் வரை உண்டு. பூட்டைத் தொடர்ந்து மாற்றித் தருகிறார்கள், சுவரில் விரிசல் விட்டால் மட்டும் பூசித்தர மாட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இன்டர்நெட்டே இல்லாமல் ஒரு மூலையில் பில் போட்டுக்கொண்டிருக்கும் மெஷினுக்கும், பேங்க் வேலை நடக்கும் மெஷினுக்கும் ஒரே அவசரம் கிடையாது.

நிஜமான ஆபத்து: சி டிரைவ்

இந்த மாற்றத்தில் அதிகம் பேர் இழக்கப்போவது பணத்தை இல்லை, ஃபைல்களை. ஹேக்கர் வந்துதான் திருட வேண்டும் என்றும் இல்லை. ஃபார்மட் போடும்போதே போய்விடும்.

நம்மூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. “சி டிரைவ்ல விண்டோஸ், டி டிரைவ்ல டேட்டா. சி-யை ஃபார்மட் பண்ணாலும் டி-ல இருக்கறது சேஃப்.” பாதி உண்மை. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்று கண்ணுக்குத் தெரியும் மூன்றும் சாதாரணமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. அவுட்லுக்கின் பழைய மெயில், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, ஸ்கேனர் தானாகச் சேமிக்கும் ஃபோல்டர், பல கடைகளில் டேலி டேட்டா எல்லாமே அங்கேதான். டெஸ்க்டாப்பில் நூறு ஐகான் பரப்பி வைத்திருப்பவர் சி-யை ஃபார்மட் செய்தால் அந்த நூறும் காலி.

தமிழில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடலூர் சாலையில் உள்ள நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி இருப்பது போன்ற டைப்பிங் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 வருஷத்துக் கிரயப் பத்திரம், மனு, ஒப்பந்தம் எல்லாம் வேர்ட் ஃபைலாக இருக்கும். பெரும்பாலும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி மாதிரியான பழைய எழுத்துருக்களில். அந்தக் காலத்து எழுத்துருக்கள் கம்ப்யூட்டரை ஏமாற்றித்தான் தமிழைக் காட்டின. ஃபைலுக்குள் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்தின் எண்கள். எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும். எழுத்துரு இருக்கும்வரை அது பத்திரம். எழுத்துரு போய்விட்டால் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பை.

அந்த எழுத்துருக்கள் இருக்கும் இடம் எது? சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள், ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர். சர்வீஸ் பையன் டி டிரைவை அப்படியே விட்டு சி-யை மட்டும் ஃபார்மட் செய்தால், ஃபைல் எல்லாம் பத்திரமாக இருக்கும், ஒன்றைக்கூடப் படிக்க முடியாது.

தமிழ்நாடு அரசு 2010 ஜூன் 23 அன்று, கோவை செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்று ஆணை வெளியிட்டது. யூனிகோடு கிடைக்காத அல்லது ஒத்துவராத இடங்களுக்கு மாற்றாக டேஸ்16 என்ற முறையும் ஏற்கப்பட்டது. 15 வருஷம் கடந்தும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துரு விடாததற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. கை அந்த விசைப்பலகைக்குப் பழகிவிட்டது. பேஜ்மேக்கர் மாதிரியான பழைய மென்பொருட்களில் யூனிகோடு தமிழ் சரியாக உட்காராது. ஃபிளெக்ஸ் டிசைன் செய்பவருக்கு, பிறந்தநாள் பேனரில் தலைவர் பெயரைத் தூக்கிக் காட்டும் அலங்கார எழுத்துரு பழைய முறையில்தான் கையிருப்பில் இருக்கும். புதுச்சேரி பேனர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேவையின் அளவு புரியும்.

ஆகவே மாறுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை: அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தமிழ் எழுத்துருக்களைத் தனியாகக் காப்பி எடுப்பது. அடுத்தது, முக்கியமான ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றுவது. என்ஹெச்எம் கன்வர்ட்டர், அழகி போன்ற இலவசக் கருவிகள் இதைச் செய்யும். ஒரு எச்சரிக்கை: தமிழும் ஆங்கிலமும் கலந்த ஃபைலை மொத்தமாகக் கன்வர்ட்டரில் போட்டால், ஆங்கில வார்த்தைகளும் தமிழாக மாறிக் குதறப்படும். சர்வே எண், பான் எண், மின்னஞ்சல் முகவரி எல்லாம் இதில் அடிபடும். தமிழ்ப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். பத்திர வேலையில் ஒரு எழுத்து மாறினாலும் என்ன ஆகும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஃபோல்டர் தெரியாத தலைமுறை

இதெல்லாம் கடைக்காரர் பிரச்சினை, நம் வேலை முழுக்க போனிலும் கிளவுடிலும்தானே என்று நினைக்கும் இளைஞர்களுக்கு வேறொரு சோதனை இருக்கிறது. ஃபைல் எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ஃபோல்டர் என்ற கருத்தே புரியவில்லை என்று பேராசிரியர்கள் திகைத்ததை ‘தி வெர்ஜ்’ இதழ் 2021 செப்டம்பரில் எழுதியது. நாம் மட்டும் விதிவிலக்கா என்ன? மார்க்‌ஷீட் எங்கே என்று கேட்டால், “வாட்ஸ்அப்ல அப்பாவுக்கு அனுப்பினேன், அந்த சாட்ல தேடணும்” என்பதுதான் பலரின் ஃபைலிங் சிஸ்டம்.

ஒன்டிரைவ் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போகும்போது, டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை ஒன்டிரைவுக்குள் கொண்டுபோகவா என்று கேட்கும், சில சமயம் தானே செய்துவிடும். இலவச இடம் 5 ஜிபிதான். நிரம்பியதும் சிங்க் நின்றுவிடும், பேக்கப் ஆகிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். இன்னொன்று, ஒன்டிரைவில் மேகக் குறி காட்டும் ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லவே இல்லை. பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது. அதை பென்டிரைவுக்கு எடுக்க வேண்டுமென்றால் முதலில் முழுசாக இறக்க வேண்டும்.

இதைவிடக் கடுமையானது பிட்லாக்கர். விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், டிஸ்க் தானாகவே பூட்டி மறைகுறியாக்கப்படும். லேப்டாப் திருடு போனால் நல்லது. ஆனால் மதர்போர்டு பழுதானாலோ பயாஸ் செட்டிங் மாறினாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கையே சர்வீஸ் கடையில் யாரோ உருவாக்கிக் கொடுத்து, பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தால்? டிஸ்க்கும் இருக்கும், ஃபைலும் இருக்கும், திறக்க முடியாது. மெஷினில் கை வைப்பதற்கு முன் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வைப்பது பழைய பாணியாகத் தெரியலாம். வேலைக்கு ஆகும்.

காகிதம் என்றதும் புதுச்சேரியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கியது. அங்கும், டூமா வீதியில் உள்ள கீழ்த்திசை ஆய்வுப் பள்ளியிலும் இருக்கும் சுவடிகளை, பெரும்பாலும் சைவ சித்தாந்தம் சார்ந்த சுமார் 11,000 சுவடிகளை, யுனெஸ்கோ 2005-ல் ‘உலக நினைவகம்’ பட்டியலில் சேர்த்தது. ஓலைச்சுவடிக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள்தான். பழசு இற்றுப்போவதற்கு முன் புதிய ஓலையில் படியெடுத்துக்கொண்டே வந்ததால்தான் அவை தப்பின. இப்போது அவற்றுக்கு டிஜிட்டல் படியும் எடுக்கப்பட்டிருக்கிறது. சிடியில் போட்டுவைத்த 2004 கல்யாண வீடியோவை இன்றைக்கு எந்த லேப்டாப்பில் போட்டுப் பார்ப்பது? டிரைவே இல்லை. ஓலையை எண்ணெய் தடவி வைத்தால் பேரன் காலம்வரை இருக்கும். பென்டிரைவை நம்பி பத்து வருஷம்கூட இருக்க முடியாது.

சிவப்புத் தொப்பியும் லினக்ஸும்

புதுச்சேரி போலீஸ்காரர்களின் சிவப்பு கெப்பி தொப்பி சுற்றுலாப் பயணிகளின் போட்டோவில் தவறாமல் வரும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. அந்தத் தொப்பியின் தாய்நாட்டுப் போலீஸ் என்ன கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறது தெரியுமா? பிரான்ஸின் தேசியக் காவல் படையான ஜாந்தார்மெரி, 2008 முதல் உபுண்டு லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. ‘ஜென்ட்புண்டு’ என்று அதற்குப் பெயர். 2024 ஜூன் நிலவரப்படி 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள், அதாவது 97 சதவீதம், அதில்தான் ஓடுகின்றன.

அவர்கள் மாறிய வரிசைதான் கவனிக்க வேண்டியது. முதலில் விண்டோஸை விடவில்லை. விண்டோஸிலேயே ஓப்பன் ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு என்று மென்பொருட்களை மாற்றினார்கள். ஆட்கள் அவற்றுக்குப் பழகிய பிறகு அடியிலிருந்த இயங்குதளத்தை உருவினார்கள். கீழே எது ஓடுகிறது என்பது பலருக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை.

எதிர் உதாரணமும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி, 2017-ல் மறுபடியும் விண்டோஸுக்கே திரும்ப முடிவுசெய்தது. அரசியல் தலைமை மாறியது, வெளியிலிருந்து வரும் ஃபைல்கள் சரியாகத் திறக்கவில்லை என்ற ஊழியர்களின் புகார் என்று காரணங்கள் பல. இப்போது அலை மறுபடி அந்தப் பக்கம் அடிக்கிறது. 2025 ஜூனில் பிரான்ஸின் லியோன் நகராட்சி, மைக்ரோசாஃப்டை விட்டு லினக்ஸுக்கும் ஒன்லிஆஃபீஸுக்கும் படிப்படியாக மாறுவதாக அறிவித்தது.

தமிழ்நாடு இந்த ஆட்டத்தை ஐரோப்பாவுக்கு இணையாகவே ஆடிப் பார்த்தது. 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐஏஎஸ், சூசே லினக்ஸை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் ஆதரவு முடிந்தபோது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி துறைகளுக்குத் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. ஆனாலும் இன்று ஒரு தாலுகா அலுவலகத்திலோ டிடிபி கடையிலோ எட்டிப் பார்த்தால் விண்டோஸ்தான் கண்ணில் படுகிறது.

கேரளத்தில் ஒட்டியது. அங்கே பள்ளிக்கல்வித் துறையின் கைட் அமைப்பு 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் லினக்ஸை ஓட்டுகிறது. 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்கும் சொல்கிறது. வித்தியாசம் மென்பொருளில் இல்லை. கேரளம் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பாடப்புத்தகத்தையே அதற்கேற்ப எழுதியது, பழுதானால் கேட்க ஆள் வைத்தது. இங்கே டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டான மாகி, அந்தக் கேரளத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தூரம் அதிகமில்லை.

சுவிட்ச் யார் கையில்?

இதை வெறும் செலவுக் கணக்காகப் பார்த்தவர்களுக்கு 2025 ஜூலையில் ஒரு அதிர்ச்சி வந்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி, குஜராத்தின் வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலை நடத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்ததும், மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தின் மெயில், டீம்ஸ் சேவைகளை நிறுத்திவிட்டது. இந்தியச் சட்டப்படி நயாரா எந்தத் தவறும் செய்யவில்லை, காசும் கட்டியிருந்தது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, ஜூலை இறுதியில் சேவை திரும்பியது.

எங்கோ பிரஸ்ஸல்ஸில் எடுத்த முடிவுக்கு இங்கே இன்பாக்ஸ் மூடியது. ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு டெல்லியில் வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. அதே கணக்கை நம்பி எல்லா ஃபைலையும் வைத்திருக்கும் தனி ஆளுக்கு, கஸ்டமர் கேர் சாட்பாட்தான் நீதிமன்றம்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. டேலி, ஃபோட்டோஷாப், கோரல்டிரா இவற்றில் பிழைப்பு நடத்துபவருக்கு லினக்ஸ் இன்னும் வீடாகாது. அவை அதில் நேரடியாக ஓடாது. ஜிஎஸ்டி, டெண்டர் வேலைக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவரும் லினக்ஸில் மெனக்கெட வேண்டியிருக்கும். இவர்கள் ஒரு வருஷ நீட்டிப்பில் சேர்ந்து, அந்த நேரத்தில் புதிய மெஷினுக்குக் காசு சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

பிரவுசர், மெயில், வேர்டு மாதிரி ஒன்று, யூடியூப், பிரிண்ட் என்று வேலை முடிந்துவிடுகிறவர்களுக்குப் பழைய மெஷினே போதும். லினக்ஸ் மின்ட், உபுண்டு எதுவும் இலவசம். உபுண்டு 24.04, மின்ட் 22 இரண்டுக்கும் 2029 வரை அப்டேட் உண்டு. விண்டோஸ் சாயலில் இருக்கும் சோரின் ஓஎஸ்-ன் 18-ம் பதிப்பு, வேண்டுமென்றே, 2025 அக்டோபர் 14 அன்றே வெளியானது. யூனிகோடு தமிழ் இவை எல்லாவற்றிலும் நன்றாகத் தெரியும், தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய எழுத்துருக்களைக்கூட நிறுவிக்கொண்டால் வேலை செய்யும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால், ‘செத்துப்போச்சு’ என்று ஒதுக்கிய லேப்டாப் எழுந்து நடக்கும்.

லினக்ஸில் சி, டி என்று டிரைவ் எழுத்துகள் கிடையாது என்பது முதலில் குழப்பும். எல்லாம் ஒரே மரம். ஒற்றைச் சாய்கோடுதான் வேர். உங்கள் ஃபைல்கள் ‘ஹோம்’ என்ற கிளைக்குள், உங்கள் பெயரில். பழைய டி டிரைவும் ஒரு கிளையாகத் தெரியும், ஃபைல்களைத் திறக்கலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. விண்டோஸில் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளப்படும் இரண்டு இங்கே தனித்தனி ஃபைல். பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ பாதியில் நின்றால் பென்டிரைவ் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். எக்ஸ்எஃப்ஏடி முறையில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும், முன்னதாக உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துக்கொண்டு.

உடனே நிறுவத் தேவையுமில்லை. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடாது. வைஃபை வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தனியாகச் செய்யத் தயக்கம் என்றால் ஆள் இருக்கிறது. புதுச்சேரியில் இயங்கும் எஃப்எஸ்ஹெச்எம் என்ற கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கமும், பக்கத்து விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுத்தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் தன்னார்வலர்களால் நடப்பவை. ‘எண்ட் ஆஃப் 10’ என்ற சர்வதேசப் பிரச்சாரம், அந்தந்த ஊரில் நிறுவ உதவும் குழுக்களைப் பட்டியலிடுகிறது.

எந்தப் பக்கம் போனாலும், கடையில் மெஷினைக் கொடுக்கும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், தமிழ் எழுத்துருக்கள், டேலி டேட்டா. ஒன்டிரைவில் மேகக் குறி காட்டுபவை முழுசாக இறங்கியபின் அவையும். பிட்லாக்கர் எண் காகிதத்தில். பிரான்ஸ் பென்ஷனுக்கோ நாந்த் நகரத்துப் பதிவேட்டுக்கோ அனுப்ப ஸ்கேன் எடுத்த தாத்தாவின் பிறப்புச் சான்று இருந்தால், அதை இரண்டு இடத்தில். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் மெஷினைக் கொடுங்கள்.